காற்புள்ளி இல்லாத மரண அறிவித்தல்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஐயருக்குச் சொல்லி அனுப்புவதும் பந்தல்காரரைப் பிடிப்பதும் நடக்கிற அதே நேரத்தில் ஒருவர் அச்சகத்துக்கு ஓடுவார். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். சந்தி மதிலிலும் மின்கம்பத்திலும் கடை வாசலிலும் அது ஒட்டப்படும். ஒட்டி முடிவதற்குள் அதன் படம் வட்ஸ்அப்பில் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடும். ஊரில் ஆக அவசரமாக எழுதப்படுகிற தாள் இதுதான். ஆக அதிகம் பேர் வாசிக்கிற தாளும் இதுதான். பிற்பாடு குடும்பத்தின் பெட்டிக்குள் காணி உறுதியோடு சேர்த்து மடித்து வைக்கப்படுவதும் இதுதான்.

அப்படி ஒரு தாளில் காற்புள்ளிகள் அத்தனையும், கூடவே ஒரு முற்றுப்புள்ளியும் விடுபட்டதால் என்ன நடந்தது, அவை எந்த வழியாகக் காணாமற்போயின, அதன்பிறகு என்ன மாற்றப்பட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். அச்சுப் பிரதி திருத்துவது என் தொழில். தாள் ஒட்டப்பட்ட பிறகு, குடும்பமும் அச்சகமும் கேட்டுக்கொண்டதால் ஆரம்ப மின்னஞ்சலிலிருந்து கடைசித் தாள் வரை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். இரு தரப்பின் பெயரையும் எழுதுவதில்லை என்று பேசிக்கொண்டோம். ஆகவே ஆட்களை உறவுமுறையாலேயே குறிப்பிடுகிறேன்.

வாசகமும் விளைவும்

இலங்கைத் தமிழரின் மரண அறிவித்தலுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. பிறப்பிடம், வதிவிடம் என்று தொடங்கும். பெயர் வரும், காலமான நாள் வரும். அப்புறம் 'அன்னார்' என்ற சொல்லோடு உறவுகளின் வரிசை தொடங்கும்: இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், பேத்தியும், பூட்டியும் என்று பத்துப் பதினைந்து வரி ஓடி ஒரே 'ஆவார்' இல் வந்து முடியும். முழுவதும் ஒரே வாக்கியம். தமிழில் இன்று சாதாரண மக்கள் எழுதுகிற ஆக நீண்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

இறந்தவர் வயதான ஓர் அம்மா. உடன்பிறந்தவர்கள் மூவர். அண்ணர் முன்பே காலமாகிவிட்டார். தம்பி மட்டக்களப்பில், தங்கை ரொறன்ரோவில். இருவரும் நலமாக இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகள் எழுதி அனுப்பிய வாசகம் இப்படி இருந்தது:

'காலஞ்சென்ற (அண்ணர்), மற்றும் (தம்பி), (தங்கை) ஆகியோரின் அன்புச் சகோதரியும்,'

தாளில் வந்தது இது:

'காலஞ்சென்ற (அண்ணர்) மற்றும் (தம்பி) (தங்கை) ஆகியோரின் அன்புச் சகோதரியும்'

அடைப்புக்குறிக்குள் பெயர்களை வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மூன்று பேரும் இல்லை என்றாகிவிட்டது. அது மட்டுமில்லை. நம்மிடம் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் வரும் வழக்கம் இருக்கிறது. இரண்டு பெயர்கள் இடையில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது ஒரே ஆள். ஆகவே குடும்பத்தை அறியாதவர்களுக்கு, தம்பியின் பெயரும் தங்கையின் பெயரும் சேர்ந்து ஒரு பெண்ணின் முழுப்பெயராகத் தெரிந்தது. தம்பி தன் தங்கைக்கே தகப்பனாகிவிட்டார். குடும்பத்தை அறிந்தவர்கள் மூன்று சாவு எண்ணினார்கள், அறியாதவர்கள் இரண்டு எண்ணினார்கள்.

மட்டக்களப்பு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. தம்பியின் மனைவி எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். அழைத்தவர் ஒரு மருமகன்.

"மாமி, மாமாவுக்கு என்ன நடந்தது? எப்ப? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லலையே?"

"அவருக்கு என்ன மகன்? அக்கா போன கவலையில ஒரு வாய் சாப்பிடாம முத்தத்தில இருக்கார். நீங்க என்ன கேக்கிறீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். பிறகு அவர் மெதுவாகத் தாளில் இருப்பதை வாசித்துக் காட்டியிருக்கிறார். மாமா எழுந்து வந்து போனை வாங்கி, "நான் இருக்கிறன் தம்பி, பின்னேரம் வெளிக்கிட்டு வாறன்" என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவு அவர் செத்தவீட்டுக்குள் நுழைந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வழிவிட்டு, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்கள். துக்கத்துக்கு நடுவில் வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த மகனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி அந்த வீட்டில் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். அம்மா இருந்தால் அவவும் சிரித்திருப்பா என்கிறார்கள்.

ஆனால் மாமா ஓய்வூதியக்காரர். உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டியவர். சிரித்து முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதைப் பார்த்துப் பென்சனை நிப்பாட்டிப் போடுவாங்களோ?" சுவரில் ஒட்டிய தாளை வைத்து எந்த அலுவலகமும் ஒருவரை இறந்தவராகப் பதிய முடியாது. அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் அவருடைய கேள்வி வீண் பயமில்லை, பின்னால் அதற்கு வருகிறேன்.

ரொறன்ரோவில் இருந்த தங்கை சிரிக்கவில்லை. விமானச்சீட்டு கிடைக்காமல், அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் இருந்தவர் அவர். அக்காவோடு தனக்கு மிஞ்சியிருந்த ஒரே பங்கு அந்தத் தாளில் தன் பெயர். அதுவும் இறந்தவர்களின் வரிசையில் போய்விட்டது. திருத்திய தாளை அச்சகம் மறுநாள் அனுப்பியது. ஆனால் ஊரில் ஒட்டப்பட்டதும் உலகமெல்லாம் சுற்றியதும் முதல் தாள்.

அதே தாளின் கடைசிப் பகுதியில் இன்னொன்று நடந்திருந்தது. கவனித்தவர்கள் குறைவு, ஆனால் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது விருந்து. வழக்கமான வாசகம்தான்: '...மாலை 4 மணிக்கு இந்து மயானத்தில் தகனம் செய்யப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' பக்கம் வடிவமைத்தபோது 'செய்யப்படும்' வரியின் கடைசியில் விழுந்திருக்கிறது. வரிக் கடைசியில் புள்ளி நின்றால் அழகில்லை என்று அதை எடுத்திருக்கிறார்கள். பெரிய எழுத்துச் சுவரொட்டிகளில் இப்படி எடுக்கும் பழக்கம் உண்டு. விளைவு: 'இந்து மயானத்தில் தகனம் செய்யப்படும் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும்...'

பஸ் தரிப்பிடத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளைகள் இருவர் இதைச் சத்தமாக வாசித்து, "அப்ப சொந்தக்காரர் எல்லாரையும் சேர்த்தா எரிக்கப் போறாங்க?" என்று கேட்டதாக ஒட்டப் போனவரே வந்து சொன்னார். அந்தப் பிள்ளைகள் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். 'செய்யும்' என்ற வாய்பாட்டில் வருகிற சொல் தமிழில் வினைமுற்றாகவும் நிற்கும், பெயரெச்சமாகவும் நிற்கும். 'தகனம் செய்யப்படும்' என்று நிறுத்தினால் அது முற்று, உடலைப் பற்றிய செய்தி. நிறுத்தாமல் போனால் எச்சம், அடுத்து வரும் பெயரைப் போய்ப் பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் எழுத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. புள்ளி ஒன்றுதான் வித்தியாசம்.

காற்புள்ளி எங்கே போனது

எல்லோரும் முதலில் கைகாட்டியது கணினியில் வேலை செய்த இளைஞரை. கவனமில்லாத பொடியன் என்றார்கள். நான் அவரோடு உட்கார்ந்து பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தபோது தெரிந்த கதை வேறு. இந்தக் கதை இலங்கையில் தமிழ் அச்சுத்தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உரியது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நம் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று போனும் கணினியும் பொதுவாகப் பயன்படுத்துகிற எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் வருவதற்கு முந்திய காலத்து எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்தது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் தமிழுக்குப் போதாது. எனவே ஆங்கிலத்தின் நிறுத்தக்குறி விசைகளையும் தமிழ் எழுத்துகளே எடுத்துக்கொண்டன. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ஆங்கிலக் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ'. உண்மையான காற்புள்ளி வேண்டுமென்றால் ஷிப்டை அழுத்திக்கொண்டு பக்கத்து விசையைத் தட்ட வேண்டும்.

இப்போது மகளின் மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். அவர் தொலைபேசியில் யுனிகோடில் எழுதினார். அச்சகம் அதைப் பாமினிக்கு மாற்றியது. அவர்கள் பயன்படுத்திய மாற்றுக்கருவி தமிழ் எழுத்துகளை ஒழுங்காக மாற்றியது, காற்புள்ளிகளை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டது. அந்தக் காற்புள்ளிகள் பாமினியில் திறந்ததும் 'இ' ஆகத் தெரிந்தன. 'மகளும்இ', 'மனைவியும்இ', ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் 'இ'. எதிர்ப் பக்கமாக, பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும்போதும் இதே கோளாறு வரும். இலங்கைத் தமிழ் எழுத்துகளில் 'யாழ்ப்பாணம்இ கொழும்புஇ கண்டி' என்று நீங்கள் எங்கேயாவது கண்டு திகைத்திருந்தால் காரணம் இதுதான்.

இளைஞர் சொன்னார்: "அண்ணா, எல்லாப் பேருக்குப் பின்னாலயும் இ, இ என்று நின்றுது. யாரோ இனிஷியலை மாறிப் போட்டிருக்கிறாங்கள் என்றுதான் நினைச்சன்." நினைத்ததில் பிழையில்லை. நம்முடைய பெயர்களில் 'இ' என்ற முதலெழுத்து நிறையவே உண்டு. கணினியிடம் எல்லா 'இ' ஐயும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். உடனே 'இறுதிக்கிரியைகள்' என்பது 'றுதிக்கிரியைகள்' ஆனது, 'இறைவனடி' என்பது 'றைவனடி' ஆனது. அதைக் கண்டு பின்வாங்கி, இடைவெளிக்கு முன்னால் நிற்கிற 'இ' ஐ மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை சுத்தமாக வந்தது. சொற்கள் எல்லாம் சரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. காற்புள்ளிகள் அனைத்தும் போய்விட்டன.

அவர் கவனமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. 'றுதிக்கிரியை'யைக் கண்டுபிடித்தவர் அவர்தானே. கண்ணுக்குத் தெரிந்த பிழையை அவர் திருத்தினார். தெரியாத பிழையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மகனிடம் புரூஃப் காட்டினார்கள். தாயைப் பறிகொடுத்த மனிதர், இரவு நேரம், போன் திரையில் பார்த்தார். தாயின் பெயர், திகதி, மயானம், நேரம் பார்த்துச் சரி என்றார். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பெயரெச்சத்தின் நீளம்

காற்புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று அச்சக உரிமையாளர் கேட்டார். முழுதாகச் சரியாகாது என்பதுதான் என் பதில். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமும் அதுவே.

மகளின் முதல் வாசகத்தையே பாருங்கள். 'காலஞ்சென்ற (அண்ணர்), மற்றும் (தம்பி), (தங்கை)' என்பதில் காற்புள்ளி வாசிப்பவரைக் கொஞ்சம் நிறுத்துகிறது, அவ்வளவுதான். 'காலஞ்சென்ற' என்பது பெயரெச்சம். பெயரெச்சம் கொடி மாதிரி, முன்னால் எந்தப் பெயர் கிடைத்தாலும் பற்றிக்கொண்டு போகும். எந்தப் பெயரோடு நிற்க வேண்டும் என்று அதற்குத் தமிழ் எழுத்தில் எல்லை போடப்படுவதில்லை. பேசும்போது குரலால் எல்லை போடுகிறோம். எழுதும்போது காற்புள்ளியை நம்புகிறோம். ஆனால் அதே காற்புள்ளியைத்தான் இறந்தவர்களை வரிசையாகச் சொல்லவும் பயன்படுத்துகிறோம்: 'காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதியரின்' என்றால் இருவரும் இல்லை என்றுதான் பொருள். ஒரே குறி ஓரிடத்தில் சேர்க்கிறது, இன்னோரிடத்தில் பிரிக்கிறது.

தமிழுக்குச் சொந்தமான எல்லைக்கல் ஒன்று இருக்கிறது, அது 'உம்'. பழைய ஏடுகளில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலை கிழியும் என்று அதைக்கூட வைக்காமல் விட்டவர்கள் அதிகம். மேலைநாட்டு நிறுத்தக்குறிகள் அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காகக் கையாண்டு நமக்குப் பழக்கிவைத்தார். அதற்கு முன்பும் மக்கள் பட்டியல் போட்டார்கள், உறவு சொன்னார்கள், குழம்பவில்லை. 'மகளும் மனைவியும் தாயும்' என்று 'உம்' ஒவ்வொன்றையும் மூடிக்கொண்டு போனது. மரண அறிவித்தலில் உறவுமுறைகளுக்கு 'உம்' இருக்கிறது, அதனால் காற்புள்ளிகள் போன பிறகும் அந்தப் பகுதி குழம்பவில்லை. உள்ளே இருக்கிற பெயர்களுக்கு 'உம்' இல்லை. பிழை விழுந்தது அங்கேதான்.

ஆகவே நான் எழுதிக்கொடுத்த திருத்தம் இது:

'காலஞ்சென்ற (அண்ணர்) அவர்களின் அன்புத் தங்கையும், (தம்பி), (தங்கை) ஆகியோரின் அன்புத் தமக்கையும்,'

'தங்கையும்' என்று 'உம்' வந்ததும் 'காலஞ்சென்ற' அங்கேயே நின்றுவிடும். காற்புள்ளி போனாலும், 'இ' ஆக மாறினாலும், உயிரோடு இருப்பவர் உயிரோடு இருப்பார். உறவும் இன்னும் துல்லியமாகிறது, ஏனென்றால் அம்மா அண்ணருக்குத் தங்கை, மற்ற இருவருக்கு அக்கா. காலமானவர்கள் பலர் என்றால் 'காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் ஆகியோரின்' என்று நம் பத்திரிகைகளில் ஏற்கனவே இருக்கிற வழக்கத்தைப் பின்பற்றினால் போதும். பன்மை வந்துவிடுவதால் வாசிப்பவர் எண்ணிக்கொள்வார். 'செய்யப்படும்' என்ற இடத்துக்குப் புள்ளியோடு சேர்த்து, அடுத்த வாக்கியத்தைக் கட்டாயம் புதுப் பந்தியில் தொடங்கச் சொன்னேன்.

சட்டம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. அமெரிக்காவில் மேன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் சாரதிகள் மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டு வழக்குப் போட்டார்கள். உணவைப் பதப்படுத்துதல், களஞ்சியப்படுத்துதல் முதலிய வேலைகளுக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்காகப் பொதி செய்தல், விநியோகித்தல் என்ற இரண்டும் 'அல்லது' என்ற சொல்லால் இணைந்திருந்தன. அதற்கு முன்னால் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி செய்வது என்ற ஒரே வேலையின் பகுதியா? சாரதிகள் விநியோகிப்பவர்கள், பொதி செய்பவர்கள் அல்லர். 2017 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவில்லை என்று சொல்லிச் சாரதிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு காற்புள்ளி இல்லாததால்தான் இந்த வழக்கே வந்தது என்ற கருத்தோடுதான் அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது. 2018இல் 50 இலட்சம் டாலருக்கு இணக்கம் கண்டார்கள். அதற்குள் சட்டமன்றம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டு மாற்றி எழுதியிருந்தது.

மட்டக்களப்பு மாமாவின் பென்சன் பயத்துக்குப் பிரித்தானியாவில் ஓர் உண்மையான நிகழ்வு இருக்கிறது. 2009இல் அங்கே நிறுவனங்களின் பதிவகம், மான்செஸ்டரில் கலைக்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்குப் பதிலாக, கார்டிஃபில் நன்றாக நடந்துகொண்டிருந்த வேறொரு நிறுவனத்தைக் கலைக்கப்பட்டதாகப் பதிந்துவிட்டது. ஒன்றின் பெயர் 'டெய்லர் அன்ட் சன்', மற்றதன் பெயர் 'டெய்லர் அன்ட் சன்ஸ்'. கடைசியில் ஒரு 'ஸ்'. சில நாட்களில் பதிவைத் திருத்தினார்கள், ஆனால் செய்தி அதற்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. சரக்குக் கொடுத்தவர்கள் கடன் தர மறுத்தார்கள், வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 250க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த நிறுவனம் இரண்டு மாதத்தில் விழுந்தது. 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவகமே பொறுப்பு என்றது. உயிரோடு இருந்த ஒன்றை எழுத்தில் இறந்ததாக எழுதினார்கள், அது உண்மையிலேயே இறந்துபோனது. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

எல்லாப் பிழையும் ஒன்றல்ல

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளில் 'தகன கிரியை' என்று ஒற்று இல்லாமல் ஓரிடம் இருந்தது. 'தகனக்கிரியை' என்பதே சரி. அதற்காக யாரும் துன்பப்படவில்லை, யாருக்கும் பொருள் மாறவில்லை. பொருளை மாற்றுகிற ஒற்றும் உண்டு. 'கத்தி கொண்டு வந்தான்' என்பதற்கும் 'கத்திக்கொண்டு வந்தான்' என்பதற்கும் இடையில் ஒரு 'க்' தான், ஆனால் முதலாமவனைக் கண்டால் ஓட வேண்டும், இரண்டாமவனைக் கண்டால் காதைப் பொத்தினால் போதும். நம் ஊர்ப் பெயரையே சிலர் திருகோணமலை என்றும் சிலர் திருக்கோணமலை என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் அவரவர் நியாயம் வைத்திருக்கிறார்கள். ஒரே தாளில் இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் எனக்குப் போதும். திருத்துகிறவரின் நேரமும் கண்ணும் அளவானவை. ஆளை மாற்றுகிற பிழை, இடத்தை மாற்றுகிற பிழை, நாளை மாற்றுகிற பிழை, இந்த மூன்றுக்கும் முதலில் செலவழிக்க வேண்டும். ஒற்றுகளை அதன்பிறகு பார்க்கலாம்.

கௌரவத்தை மாற்றுகிற பிழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல், 'தா' வின் இடத்தில் 'நா' விழுந்து, 'கர்ப்பிணி நாய்மார்' என்று எழுதியிருந்த பலகையின் படத்தை இலங்கையில் பார்க்காத தமிழர் குறைவு. த, ந இரண்டின் உருவமும் தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுத்தை வாசிக்கத் தெரியாமல் உருவத்தைப் பார்த்து வரைந்ததன் விளைவு அது. சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி இத்தனை காலமான பிறகும், அந்த ஆசனத்தில் உட்கார வரும் ஒரு தாய் அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஒட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒரேயொருவரிடம் காட்டியிருந்தால் போதும்.

முப்பத்தோராம் நாள்

இடத்தை மாற்றுகிற பிழை என்றேன். அது இதே குடும்பத்துக்கு நடந்தது, இதே துக்கத்துக்குள்.

முதல் தாளில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கான அழைப்பை அச்சகத்துக்குக் கொடுக்காமல் ஒரு மருமகள் போனிலேயே செய்து அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் சொற்களைக் காட்டுகிற விசைப்பலகை. கிரியை நடக்க வேண்டிய இடம் கன்னியா வெந்நீரூற்று. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக வாளை ஊன்றிய ஏழு இடங்களில் நீர் ஊறியது என்பது ஐதீகம். அதனால் நம்மவர்கள் தாய் தகப்பனின் அந்தியேட்டிக்கு அங்கே போவது நெடுநாள் வழக்கம். அழைப்பில் விழுந்தது 'கிண்ணியா'.

திருகோணமலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியா, நகரத்துக்கு வடமேற்கே அனுராதபுரம் வீதியால் போகிற இடம். கிண்ணியா, குடாவுக்குத் தெற்கே முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பெயருக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்துத்தான் வேறுபாடு. உள்ளூர்க்காரர் பிழையைப் பார்த்த உடனே சரிசெய்து வாசித்துக்கொண்டார்கள். அந்தியேட்டி என்றால் கன்னியாதான் என்று அவர்களுக்குத் தெரியும். மட்டக்களப்பிலிருந்து வானில் வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாகரை, மூதூர் வழியாக வருகிற கரையோரப் பாதையில் திருகோணமலைக்கு முன்பே கிண்ணியா வந்துவிடும். ஆகவே பெயர்ப்பலகையைக் கண்டதும் இறங்கிவிட்டார்கள். வேட்டியும் தர்ப்பையுமாக.

ஒரு தேநீர்க்கடையில் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரர் போனை வாங்கி அழைப்பை வாசித்துவிட்டு, "ஐயா, நீங்க போக வேண்டியது கன்னியா. சுடுதண்ணிக் கிணத்தடி. இது கிண்ணியா. டவுனுக்குப் போய் அனுராதபுரம் ரோட்டால ஏறுங்க" என்றாராம்.

"நானா, எழுத்தில கிண்ணியா என்றுதானே கிடக்கு?"

"எழுத்தில கிடக்கும் ஐயா. ஆனா மோசம் போன ஆளுக்குச் செய்யிற காரியத்துக்கு எங்கட ஊருக்கு யாரும் வர மாட்டாங்களே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, காசு வேணாம்."

கிரியை தொடங்கித்தான் அவர்கள் கன்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிண்டம் வைக்கும் நேரத்துக்கு மாமா இருந்தார், அது ஆறுதல். அழைப்பில் எழுத்து மாறியிருந்தாலும், இன்ன வீதியால் வர வேண்டும், வெந்நீரூற்று என்று இரண்டு சொல் சேர்ந்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. இடப்பெயர் எழுதும்போது பெயரை மட்டும் நம்பக் கூடாது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு அது மிகவும் அவசியம்.

மாற்றப்பட்டவை

அச்சகம் மூன்று விஷயங்களை மாற்றியது. யுனிகோடில் வருவதை மாற்றாமல் யுனிகோடிலேயே வடிவமைக்கப் புது மென்பொருள் வாங்கினார்கள். பழைய பாமினிக் கோப்புகளில் வேலை செய்ய வேண்டி வந்தால், மாற்றியதும் முதலில் 'இ' ஐத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் காற்புள்ளியாக்க வேண்டும். மொத்தமாக எடுக்கக் கூடாது. இதை எழுதிக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியவர் அந்த இளைஞர்தான். மூன்றாவது, துக்கவீட்டுக்காரரிடம் புரூஃப் காட்டுவதோடு சேர்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இந்தப் பெயர்களில் யார் யார் இல்லை?" சொல்லச் சொல்லத் தாளில் அந்தப் பெயர்களை வட்டமிடுகிறார்கள். வட்டமிட்ட பெயருக்கு முன்னால் மட்டும் 'காலஞ்சென்ற' இருக்கிறதா, 'உம்' எங்கே மூடுகிறது என்று இன்னொருவர் பார்க்கிறார். இதற்குச் சில நிமிடமே பிடிக்கிறது. துக்கத்தில் இருக்கிறவருக்கு வாசகத்தை வாசிக்கத் தெம்பு இருக்காது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்ல அவரால் முடியும்.

பழைய முறைப்படி ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பதையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். வாசிப்பவர் குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும்: "அன்பு மகளும் கொமா, அன்பு மனைவியும் கொமா." கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கண் தாவிப் போகிற இடத்தில் வாய் தாவாது. இதை அவர்கள் ஆள் இருக்கிற நாளில் செய்கிறார்கள், இல்லாத நாளில் விட்டுவிடுகிறார்கள்.

போனில் செய்து அனுப்புகிற அழைப்புகளுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அச்சகத்தில் இரண்டு கண்ணாவது படும். போனில் எழுதியவரே திருத்துபவர், அனுப்பிய பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது. குடும்பங்களுக்கு நான் சொல்வது, குழுவில் போடுவதற்கு முன் வெளியூரில் இருக்கிற ஒருவருக்கு மட்டும் அனுப்பி, எங்கே, எப்போது, யார் என்று அவர் விளங்கியதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் என்பதே. உள்ளூர்க்காரர் பிழையைச் சரியாகவே வாசித்துவிடுவார், அவரால் பயனில்லை.

இந்தக் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை மட்டக்களப்பு மாமா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டுத் திவசத்துக்கான அழைப்பை மருமகள் அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் நிறுத்தி, "அதில கொமா இருக்கா பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் இருக்கவில்லை. போட்டுத்தான் அனுப்பினார்கள்.